விடை மட்டும் போதாது: வாரப் புதிரை அவிழ்த்து விளக்கும் முறை

‘தலையில்லாத மண்டையோடு ஆற்றைக் கடக்க உதவுவது (3)’ என்று ஒரு குறிப்பு. புதிதாகப் புதிர் போடுபவர் பெரும்பாலும் ‘ஓடம்’ என்று எழுதிவிடுவார். மூன்று எழுத்து, சரி. ஆற்றைக் கடக்கலாம், அதுவும் சரி. கடைசிக் கட்டத்தில் ஏற்கெனவே ‘ம்’ விழுந்திருந்தால் சந்தேகமே எழாது. ஆனால் தலையில்லாத மண்டையோடு அந்தக் குறிப்பில் எதற்கு வந்தது என்று கேட்டால் ஓடத்திடம் பதில் இல்லை.

மண்டையோடு என்றால் கபாலம். அதன் தலையெழுத்தான ‘க’ போய்விட்டால் மிஞ்சுவது பாலம். மூன்று எழுத்து, ஆற்றைக் கடக்க உதவுவது, கடைசியில் ‘ம்’. குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லும் இப்போது ஒரு வேலை செய்கிறது. சும்மா நிற்பது எதுவும் இல்லை.

சூட்சுமக் குறுக்கெழுத்தில் விடை கண்டுபிடிப்பதும் விளக்கம் சொல்வதும் இரண்டு தனி வேலைகள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் விளக்கம் வந்தால்தான் விடையே உறுதியாகிறது. இந்த அத்தியாயம் அந்த வரிசையில்தான் போகிறது: முதலில் குறிப்பை அவிழ்ப்பது, பிறகு கட்டத்தை நிரப்புவது, கடைசியாகப் பிறருக்குப் புரியும்படி எழுதிக் காட்டுவது.

தொடங்கும் முன் தெரிய வேண்டியது

சாதாரணக் குறுக்கெழுத்தில் குறிப்பு, விடையின் பொருளை நேராகச் சொல்லும். சூட்சுமக் குறுக்கெழுத்தில் ஒரு குறிப்புக்குள் இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று நேர்ப்பொருள், மற்றொன்று சொல்விளையாட்டு. நேர்ப்பொருள் குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும் அல்லது முடிவில் இருக்கும். நடுவில் வராது. இரண்டு வழிகளும் ஒரே விடையில் போய் முடியும்.

குறுக்கெழுத்து பிறந்தது 1913 டிசம்பர் 21 அன்று, ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில், ஆர்தர் வின் என்பவர் கையால். அது நேரடிக் குறிப்புகள் கொண்டது. அதைச் சூட்சும ஆட்டமாக மாற்றியதில் பெரும்பங்கு லண்டன் ‘அப்சர்வர்’ வார இதழுக்கு உண்டு. 1926 முதல் அதில் எட்வர்ட் போயிஸ் மாதர்ஸ் ‘டார்கிமாடா’ என்ற புனைபெயரில் புதிர் அமைத்தார். அவருக்குப் பின் வந்த டெரிக் மெக்நட், ‘ஸிமெனிஸ்’ என்ற பெயரில் எழுதியவர், 1966இல் ஒரு நூலே எழுதி ஆட்டத்தின் சட்டத்தை நிலைநிறுத்தினார்: நேர்ப்பொருள் இருக்க வேண்டும், நேர்மையான சொல்விளையாட்டு இருக்க வேண்டும், வேறொன்றும் இருக்கக் கூடாது.

‘வேறொன்றும் இருக்கக் கூடாது’ என்பதுதான் புதிர் போடுபவரின் பெரிய ஆயுதம். ஓடத்தை வீழ்த்தியது அதுதான்.

தமிழில் இந்த ஆட்டத்தை வளர்த்தவர்களில் வாஞ்சிநாதன் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்காவிலிருந்து வரும் ‘தென்றல்’ மாத இதழில் அவர் அமைத்த புதிர்கள் பலரை இதற்குள் இழுத்தன. தமிழுக்கு இந்தப் புத்தி புதிதல்ல. தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவிகளில் மாத்திரைச் சுருக்கமும் மாலைமாற்றும் கரந்துறை செய்யுளும் உண்டு. பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே பாட்டில் பொருள் வைத்த காளமேகத்தின் சிலேடையைப் படித்து மகிழ்ந்தவர் எவரும் சூட்சுமப் புதிரைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

கையில் இருக்க வேண்டியவை

பென்சில், அழிப்பான், ஒரு தனித்தாள். பேனா வேண்டாம். தவறான விடை ஒன்று பேனாவில் விழுந்தால், அதைக் குறுக்கே வெட்டும் நான்கைந்து விடைகளும் பாழாகும். அச்சில் கட்டம் சிறிதாக இருந்தால் பெரிதாக நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கும் நல்லது, ‘ரி’யா ‘ரீ’யா என்ற குழப்பமும் வராது.

அகராதி பக்கத்தில் இருக்கலாம், ஆனால் கடைசியில்தான் திறக்க வேண்டும். விடையைத் தேடுவதற்கு அகராதி அதிகம் உதவாது. கிடைத்த விடையைச் சரிபார்க்கத்தான் அது.

எழுத்தை எண்ணும் முறை

அடைப்புக்குள் உள்ள எண், கட்டங்களின் எண்ணிக்கை. உயிர், மெய், உயிர்மெய் ஒவ்வொன்றும் ஒரு கட்டம். ‘பாலைவனம்’ என்றால் பா-லை-வ-ன-ம், ஐந்து கட்டம். புள்ளி வைத்த மெய்யும் ஒரு முழுக் கட்டத்தை எடுத்துக்கொள்ளும். இதை மறந்து ‘பாலம்’ இரண்டெழுத்து என்று எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். முதல் வாரத்திலேயே இந்தப் பழக்கத்தைத் திருத்திவிடுங்கள்.

ஒரு குறிப்பை அவிழ்க்கும் வரிசை

1. எண்ணைப் பாருங்கள். விடை எத்தனை எழுத்து என்பதை மனத்தில் நிறுத்திக்கொண்ட பிறகே குறிப்பைப் படியுங்கள்.

2. குறிப்பு சொல்லும் கதையை மறந்துவிடுங்கள். மண்டையோடும் ஆறும் ஒரே காட்சியில் வருவது உங்களைத் திசைதிருப்புவதற்காக. வாக்கியமாகப் படிக்காமல் சொல் சொல்லாகப் படியுங்கள்.

3. இரண்டு முனைகளையும் சோதியுங்கள். முதல் ஓரிரு சொற்கள் நேர்ப்பொருளாக இருக்குமா, கடைசிச் சொற்களா? இரண்டையும் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

4. சைகைச் சொல்லைத் தேடுங்கள். ‘சிதறி’, ‘உள்ளே’, ‘திரும்பி’, ‘தலையில்லாத’ போன்ற ஒரு சொல், எழுத்துகளை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும்.

5. மீதமுள்ள சொற்களுக்கு மாற்றுச் சொல் யோசியுங்கள். மண்டையோடு என்றால் கபாலம், குதிரை என்றால் பரி, அரசன் என்றால் கோ.

6. கூட்டிப் பாருங்கள். எண்ணிக்கை ஒத்துவருகிறதா? நேர்ப்பொருள் ஒத்துவருகிறதா?

7. குறிப்பில் வேலையில்லாமல் எஞ்சிய சொல் உண்டா என்று பாருங்கள். இருந்தால் விடையை லேசாக எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். இல்லையென்றால் அழுத்தி எழுதுங்கள்.

ஏழாவது படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள்.

அடிக்கடி வரும் வகைகள்

*சேர்த்தல்.* ‘குதிரைக்கு மிளகாய்ச் சுவை, தோஷம் நீங்கச் செய்வது (5)’. குதிரை பரி, மிளகாய்ச் சுவை காரம். இரண்டும் சேர்ந்தால் பரிகாரம். இந்த வகையில் சைகைச் சொல்லே இல்லாமல் போகலாம். இரு சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதே சைகை. புதியவர்கள் இங்கிருந்து தொடங்குவது நல்லது.

*புகுத்தல்.* ‘வறுமையின் தொடக்கம் கலைக்குள் புகுந்தால் மனவருத்தம் (3)’. வறுமையின் தொடக்கம் ‘வ’. அது ‘கலை’ என்ற சொல்லுக்குள் புகுந்தால் க-வ-லை. உள், நடுவில், வயிற்றில், விழுங்கி, அணைத்து, சூழ்ந்து ஆகியவை இந்த வகையின் சைகைகள். எது உள்ளே போகிறது, எது வெளியே நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். ‘விழுங்கி’ என்றால் விழுங்கியது வெளியே.

*கலைத்தல்.* ‘வலை, பானம் சிதறிக் கிடக்கும் வறண்ட நிலம் (5)’. வ, லை, பா, ன, ம் என்ற ஐந்தையும் தனித்தாளில் வட்டமாக எழுதுங்கள். வரிசையாக எழுதினால் பழைய சொற்களே கண்ணில் படும். வட்டமாக எழுதினால் பாலைவனம் எளிதில் தெரியும். தமிழில் கலைப்பது ஆங்கிலத்தைவிடச் சற்று எளிது. உயிர்மெய் உடையாது, முழு எழுத்தாகவே இடம் மாறும். ‘லை’, ‘லை’யாகவே இருக்கும். குழம்பி, தடுமாறி, உருமாறி, அலைந்து, புரண்டு என்று சைகைகள் ஏராளம்.

*ஒளித்தல்.* ‘காந்தி யாகம் வளர்த்ததில் ஒளிந்திருக்கும் தன்னலத் துறப்பு (4)’. விடை கண்முன்னே எழுதப்பட்டிருக்கிறது. காந்‘தி யாகம்’. இரண்டு சொற்களின் எல்லையைத் தாண்டி ஒளிந்திருப்பதால் கண் அதைக் கூட்டிப் படிப்பதில்லை. இப்படிச் சந்தேகம் வந்தால், சொல் இடைவெளிகளை நீக்கி ஒரே நீளமாக எழுதிப் பாருங்கள்.

*திருப்புதல்.* ‘சிவா, திரும்பிப் படி (2)’. சிவா திரும்பினால் வாசி. ‘படி’ என்பதுதான் நேர்ப்பொருள். மேலிருந்து கீழாக வரும் விடைகளுக்கு ‘மேலேறி’, ‘எழுந்து’ போன்ற சைகைகளும் வரலாம். இந்த வித்தையைப் பெயரிலேயே வைத்தவர் ஒருவர் உண்டு. ஸிமெனிஸுக்குப் பின் 1972இல் ‘அப்சர்வர்’ புதிரை ஏற்ற ஜோனதன் க்ரௌதர், முன்னோர் இருவரையும் போல ஸ்பெயினின் மதவிசாரணைத் தலைவர் ஒருவரின் பெயரையே எடுத்தார், ஆனால் டெசா என்ற அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டு ‘அஸெட்’ என்று வைத்துக்கொண்டார்.

*இரட்டைப் பொருள்.* ‘கோயிலில் கருவறை மேல் நிற்கும், வானில் பறக்கும் (4)’. விமானம். இங்கே சொல்விளையாட்டு தனியாக இல்லை. இரண்டு நேர்ப்பொருள்கள் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. குறிப்பு மிகச் சிறியதாக இருந்தால் முதலில் இந்த வகையைச் சந்தேகப்படுங்கள்.

தமிழுக்கே உரிய வித்தைகள்

இங்கே கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. இந்த வித்தைகளில் பல ஆங்கிலத்தில் கிடைக்காது.

‘காலை இழந்த மாலை உயர்ந்து நிற்பது (2)’ என்ற குறிப்பைப் பாருங்கள். பொழுதைப் பற்றிய வாக்கியம் போல இருக்கிறது. காலை, மாலை என்று எதிரெதிராக இரண்டு சொற்கள். ஆனால் இந்தக் ‘காலை’ விடியற்காலை அல்ல, ‘காலினை’ என்பது. எந்தக் கால்? எழுத்தின் துணைக்கால். ‘மாலை’யில் ‘மா’வின் கால் போனால் ‘ம’. மிஞ்சுவது மலை. உயர்ந்து நிற்பது. ஒரே அசைவில் நெடில் குறிலாகிறது. அந்தக்கால மாத்திரைச் சுருக்கம் இந்த வாரப் பத்திரிகைக் கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

கால் போலவே கொம்பும் சுழியும் புள்ளியும் எழுத்துறுப்புகள். ‘கொம்பு முளைத்த பண், ஆணுக்கு எதிர் (2)’ என்றால் ‘ப’வுக்குக் கொம்பு சேர்ந்து பெண். குறிப்பில் கால், கொம்பு, புள்ளி என்று எதைக் கண்டாலும் உடலையும் மாட்டையும் கோலத்தையும் விட்டுவிட்டு எழுத்தை நினையுங்கள்.

அதுபோலவே இடத்தைக் காட்டும் சொற்கள். தலை, முகம், வாசல், தொடக்கம் என்றால் முதலெழுத்து. கடை, வால், அடி, முடிவு என்றால் கடைசி எழுத்து. இடை, வயிறு, உள்ளம், நடு என்றால் இடையில் உள்ளவை. எல்லைகள் என்றால் முதலும் கடைசியும். ‘கடை’ மளிகைக் கடையாகவும் ‘இடை’ பெண்ணின் இடையாகவும் வேடமிட்டு வரும்.

ஸ்வரங்கள் ஏழும் தனி எழுத்துகள்: ச, ரி, க, ம, ப, த, நி. குறிப்பில் சங்கீதம் எட்டிப் பார்த்தால் இவற்றை வைத்துப் பாருங்கள்.

பிறகு ஓரெழுத்து ஒருமொழிகள். நன்னூல் நாற்பத்திரண்டு சொல்கிறது. எல்லாம் மனப்பாடம் தேவையில்லை. இவை போதும்: ஆ (பசு), ஈ (பூச்சி, கொடு), கா (சோலை, காப்பாற்று), கோ (அரசன், பசு), தா (கொடு), நா (நாக்கு), பா (பாட்டு), பூ (மலர்), மா (மாமரம், பெரிய, விலங்கு), வை (இடு), கை (கரம்), தீ (நெருப்பு). ஒரு தாளில் எழுதிப் புதிர்ப் பக்கத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்தல் வகைக் குறிப்பில் அடிக்கடி இவற்றில் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

கட்டமே தரும் துப்பு

குறிப்பில் சிக்கிக்கொண்டால் கட்டத்தைக் கேளுங்கள். தமிழ் எழுத்துகள் எங்கு வேண்டுமானாலும் வந்துவிடுவதில்லை. அந்தக் கட்டுப்பாடு புதிர் போடுபவருக்கு இலவச உதவி.

சொல்லின் முதல் கட்டத்தில் புள்ளி வைத்த மெய் வராது. ட, ண, ள, ழ, ற, ன வரிசைகளும் தமிழ்ச் சொல்லின் முதலில் வரா. டப்பா, டாக்டர் போன்ற கடன்சொற்கள் மட்டும் விலக்கு. ஆகவே குறுக்கே எழுதிய விடையால் கீழ்நோக்கிய ஒரு சொல்லின் முதல் கட்டத்தில் ‘ன’ வந்து விழுந்தால், குறுக்கு விடை தவறு என்று உடனே சந்தேகப்படலாம்.

கடைசிக் கட்டத்தில் க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்கள் தமிழ்ச் சொல்லுக்கு வருவதில்லை. ‘ம்’ வர வாய்ப்பு மிக அதிகம். அதனால்தான் கடைசி ‘ம்’மை மட்டும் நம்பி விடையை உறுதி செய்யக் கூடாது. ஓடமும் பாலமும் அதில்தான் ஒன்றுபோல் தெரிந்தன. அதே சொல்லின் முதல் கட்டத்தை, குறுக்கே வரும் பாலைவனத்தின் ‘பா’ பிடித்திருந்தால் ஓடத்துக்கு இடமே இருந்திருக்காது. முதல் எழுத்தைத் தரும் குறுக்கு விடைகளை முதலில் போடுவது லாபம்.

நடுக்கட்டத்தில் மெய் விழுந்தால் அடுத்த கட்டம் பாதி தெரிந்த மாதிரி. ‘ங்’குக்குப் பின் க வரிசை. ‘ஞ்’சுக்குப் பின் பெரும்பாலும் ச வரிசை. ‘ந்’துக்குப் பின் பெரும்பாலும் த வரிசை. ‘ட்’டுக்குப் பின் ட, இல்லையென்றால் க, ச, ப: வெட்கம், காட்சி, நட்பு போல. ‘ற்’றுக்குப் பின்னும் அப்படியே ற, க, ச, ப: காற்று, கற்கண்டு, முயற்சி, கற்பு.

ஒரு வாரத்தைப் பிரித்துக்கொள்வது

வாரப் புதிரின் நன்மை, ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய அவசியம் இல்லாதது.

1. முதல் நாள் எல்லாக் குறிப்புகளையும் ஒருமுறை படித்துவிட்டு, பார்த்தவுடன் வருபவற்றை மட்டும் எழுதுங்கள். ஒளித்தல், கலைத்தல் வகைகள் முதலில் சிக்கும்.

2. அடுத்த இரண்டு நாள் கட்டத்தைத் தொடாமல், குறிப்புகளில் இரண்டு மூன்றை மனத்தில் சுமந்து செல்லுங்கள். பேருந்தில், வரிசையில் நிற்கும்போது, சட்டென்று வரும். நகரும் வண்டியை நீங்களே ஓட்டும்போது மட்டும் இது வேண்டாம்.

3. வார நடுவில் உட்கார்ந்து, விழுந்த எழுத்துகளைக் கொண்டு மீதியைத் தாக்குங்கள். கேள்விக்குறி போட்டவற்றை இப்போது மறுபடி சோதியுங்கள்.

4. கடைசி நாளில் அகராதி. கூடவே ஒருவரை வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. ஒருவர் குறிப்பைக் கதையாகவே பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் கண்ணுக்கு அந்தக் கதையின் தையல் தெரிந்துவிடும்.

5. விடை வெளிவந்த பிறகு, தவறவிட்ட குறிப்புகளை மட்டும் எடுத்துத் தலைகீழாக அவிழுங்கள். இந்த ஐந்தாம் படியில் கற்பதே அடுத்த வாரத்துக்கு உதவும்.

விளக்கம் எழுதுவது எப்படி

விளக்கத்துக்கு மூன்று வரிகள் போதும்.

விடை: கவலை
நேர்ப்பொருள்: மனவருத்தம்
கட்டுமானம்: வ (வறுமையின் தொடக்கம்), ‘கலை’க்குள் = க(வ)லை

சேர்த்தலுக்கு ‘+’, நீக்கலுக்கு ‘–’, புகுத்தலுக்கு அடைப்பு, கலைத்தலுக்கு நட்சத்திரக் குறி என்று ஒரு முறையை வைத்துக்கொண்டு எப்போதும் அதையே பின்பற்றுங்கள். கபாலம் – க = பாலம். பரி + காரம் = பரிகாரம். (வலை பானம்)* = பாலைவனம். பார்த்தவுடன் புரியும்.

எழுதும் வரிசை:

1. நேர்ப்பொருளுக்கு அடிக்கோடு இடுங்கள். எங்கே முடிகிறது என்பதில் துல்லியம் வேண்டும்.

2. சைகைச் சொல்லைத் தனியே காட்டுங்கள்.

3. மாற்றுச் சொற்களை வெளிப்படையாக எழுதுங்கள். ‘பரி’ என்றால் குதிரை என்பது உங்களுக்குத் தெரியும், பத்தாம் வகுப்புப் படிக்கும் வாசகருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

4. எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சரிபாருங்கள்.

5. குறிப்பு ஏன் அழகாக இருந்தது என்று ஒரே ஒரு வாக்கியம் சேர்க்கலாம். ‘மண்டையோடு’ என்பதை ‘மண்டையுடன்’ என்றும் படிக்கலாம், தலையில்லாத ஒன்று மண்டையோடு வருவதாகக் குறிப்பு ஏமாற்றுகிறது என்று காட்டினால் வாசகர் அந்தக் குறிப்பை மறக்கமாட்டார். புதிர் அமைத்தவருக்குத் தரும் மரியாதையும் அதுவே.

கவலை என்ற விடைக்கு ‘க + வலை’ என்று விளக்கம் எழுதுபவர்களும் உண்டு. விடை சரி, சொல்லும் அப்படிப் பிரியும். ஆனால் குறிப்பில் வலையைக் காட்டும் சொல் எங்கே? ‘க’வைக் காட்டும் சொல் எங்கே? விடையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கிக் காரணம் கட்டுவது விளக்கம் ஆகாது. குறிப்பிலிருந்து விடைக்கு நடந்து காட்ட வேண்டும்.

பொதுவான தவறுகள்

வேற்றுமை உருபு ஏறினால் சொல் உருமாறும் என்பதை மறப்பது முதல் தவறு. ‘யாகம்’ என்பது ‘யாகத்தில்’ ஆகிவிட்டால் ‘ம்’ போய்விடும், தியாகமும் போய்விடும். கலைத்தல், ஒளித்தல் வகைகளில் குறிப்பில் அச்சான எழுத்துகளை மட்டுமே எண்ண வேண்டும். நீங்களாக ஒரு ‘ம்’மைச் சேர்க்கக் கூடாது.

சொற்களுக்கு நடுவே வரும் க், ச், த், ப் ஒற்றுகள் இன்னொரு பொறி. ‘சிதறிக் கிடக்கும்’ என்பதில் உள்ள ‘க்’ சந்திக்காக வந்தது. அது மூலப்பொருள் அல்ல.

ர–ற, ல–ள–ழ, ந–ன–ண மயக்கம் கட்டத்தில் உடனே தெரியாது, குறுக்கே வரும் சொல்லில்தான் வெடிக்கும். மரமும் மறமும் வேறு. ஐயம் இருந்தால் அப்போதே அகராதியைப் பாருங்கள், இந்த ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

ஒரே சொல்லை நேர்ப்பொருளுக்கும் சொல்விளையாட்டுக்கும் இரண்டு முறை பயன்படுத்திவிட்டு விளக்கம் முடிந்தது என்று எண்ணுவதும் அடிக்கடி நடக்கிறது. அப்படி நேர்ந்தால் எங்கோ ஒரு பிரிவு தவறியிருக்கிறது.

எச்சரிக்கை

பரிசுப் போட்டி என்றால், கடைசித் தேதி முடியும்வரை விடையையும் விளக்கத்தையும் வெளியே பகிர வேண்டாம். உதவி கேட்பவருக்கு வகையை மட்டும் சொல்லுங்கள். ‘இது புகுத்தல்’ என்ற ஒரு சொல் போதும், மீதி மகிழ்ச்சி அவருக்கே இருக்கட்டும்.

அதைவிட முக்கியமானது பணம். குழந்தைகூடப் போட்டுவிடக்கூடிய புதிரை விளம்பரமாக வெளியிட்டு, விடை அனுப்பியவரிடம் ‘பெரிய பரிசு விழுந்திருக்கிறது, பார்சலுக்கு மட்டும் பணம் கட்டுங்கள்’ என்று யாராவது தொலைபேசியில் கேட்டால் உடனே வைத்துவிடுங்கள். பரிசு பெறுபவர் பணம் கட்ட வேண்டிய அவசியம் எந்த நேர்மையான போட்டியிலும் இல்லை. வங்கி எண்ணையும் கடவுச் சொல்லையும் எந்தப் புதிரும் கேட்காது.

பயிற்சி

கீழே ஐந்து குறிப்புகள். ஏழு படிகளையும் வரிசையாகப் போட்டுப் பாருங்கள். விளக்கத்தை மூன்று வரியில் எழுதிய பிறகு கீழே உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

அ. குளத்தின் முகப்பில் அலை, பந்தயத்தில் ஓடுவது (3)
ஆ. கை வாட அலைந்து வீட்டுக்காரருக்குக் கொடுப்பது (3)
இ. செய்யுளும் வடகாற்றும் சேர்ந்தால் சிறுமிக்கு உடை (3)
ஈ. இரண்டு ஸ்வரங்களுக்குப் பின் கரம், பட்டுச்சேலையில் மின்னுவது (3)
உ. நகரம் நடுவே தடுமாறினால் பாவிகள் சேரும் இடம் (4)

பயிற்சியின் விளக்கம்

அ. குதிரை. நேர்ப்பொருள்: பந்தயத்தில் ஓடுவது. கு (‘குள’த்தின் முகப்பு) + திரை (அலை).

ஆ. வாடகை. நேர்ப்பொருள்: வீட்டுக்காரருக்குக் கொடுப்பது. (கை வாட)*, சைகை ‘அலைந்து’. ‘வாட + கை’ என்று நேராகப் பிரித்தவர்கள் ‘அலைந்து’ என்ற சொல்லுக்கு வேலை தந்தார்களா என்று பார்க்கவும்.

இ. பாவாடை. நேர்ப்பொருள்: சிறுமிக்கு உடை. பா (செய்யுள்) + வாடை (வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்று). ‘வாடை’யை நாற்றம் என்று மட்டுமே நினைத்திருந்தால் சிக்கியிருக்கும்.

ஈ. சரிகை. நேர்ப்பொருள்: பட்டுச்சேலையில் மின்னுவது. ச, ரி (இரண்டு ஸ்வரங்கள்) + கை (கரம்).

உ. நரகம். நேர்ப்பொருள்: பாவிகள் சேரும் இடம். ந-க-ர-ம் என்பதில் நடுவிலுள்ள க, ர இரண்டும் இடம் மாறுகின்றன. தடுமாற்றம் நடுவில் மட்டும்தான் என்று குறிப்பு சொல்வதைக் கவனியுங்கள். முதலும் கடைசியும் அசையவில்லை, ஆகவே (நகரம்)* என்று எழுதினால் விளக்கம் தளர்ந்துவிடும். ந(கர)*ம் என்று எழுதுவதே துல்லியம்.